ஒரே விமானம், இரண்டு படைப்பிரிவு: ஸ்பானரை யார் எடுப்பது?

28 செப்டம்பர் 2025, ஞாயிறு. திருமங்கலம் மாணவர் கேட்டது

சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு வெள்ளிக்கிழமை விடை கொடுத்துவிட்டார்கள். 42 போர்விமானப் படைப்பிரிவுகள் இருக்கவேண்டிய இடத்தில் இனி 29 தான் என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. விமானம் குறைவு. ஆனால் விமானப்படையில் 20 ஆண்டு வேலை பார்த்து நாற்பது வயதுக்குள் வெளியே வந்த தொழில்நுட்பக்காரர்கள் மதுரையைச் சுற்றியே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அமெரிக்காவில் முழுநேரப் பணியில் இருக்கும் படைப்பிரிவும், வேறு வேலை பார்த்துக்கொண்டே சில நாள் மட்டும் வந்து பணி செய்பவர்களின் ரிசர்வ் படைப்பிரிவும் ஒரே விமானங்களைப் பகிர்ந்துகொண்டு ஓட்டுகின்றன, பராமரிக்கின்றன. நாமும் செய்தால் என்ன? வாரநாளில் ஒரு குழு, சனி ஞாயிறில் இன்னொரு குழு. ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், விமானம் சும்மா நிற்கும் நேரம் பாதியாகக் குறையாதா? விமானப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

28 செப்டம்பர், இரவு. செக்கானூரணி ஃபிட்டர்

குறையாது தம்பி. நான் விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவனாக, 20 ஆண்டு இருந்தவன். அதில் பெரும்பகுதி ஏஎன்-32 சரக்கு விமானத்தில். இப்போது செக்கானூரணியில் மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு குழு ஒரு விமானத்தைப் பார்த்தால் இரண்டு குழுவுமே பார்க்காது.

இதைச் சொல்ல விமானப்படை அனுபவம்கூட வேண்டியதில்லை. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் அப்பாவுக்கு ஒரு பங்குக் கிணற்றில் கால் பங்கு. நான்கு பங்காளிகள், ஆளுக்கு ஒரு நாள் முறை, ஒரே ஒரு 5 குதிரைத்திறன் மோட்டார். முறைக்காரர் வருவார், சுவிட்சைப் போடுவார், பாய்ச்சுவார், அணைத்துவிட்டுப் போவார். பேரிங் கத்துவது நான்கு பேர் காதிலும் விழுந்தது. நாளைக்கு அவர் முறைதானே, அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று நான்கு பேரும் இருந்தார்கள். ஒரு சித்திரை மாதம் மோட்டாரின் காயில் சுருள் கருகிப்போனது. பூத்து நின்ற கத்தரி அத்தனையும் வாடித் தலை சாய்ந்ததைப் பார்த்தபோது எனக்குப் பதினோரு வயது. அன்றிலிருந்து பொதுவில் விட்ட இயந்திரத்தை நான் நம்புவதில்லை.

29 செப்டம்பர். செக்கானூரணி ஃபிட்டர்

நேற்று வேகத்தில் எழுதிவிட்டேன். பராமரிப்பு என்று ஒரே சொல்லில் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது. அதில் அடுக்குகள் உண்டு.

விமானம் கிளம்பும் முன், இறங்கி மறுபடி கிளம்பும் முன், அன்றைய கடைசிப் பறத்தலுக்குப் பின் என்று பார்ப்பது ஒன்று. ஃபர்ஸ்ட் லைன் என்போம். டயர், ஹைட்ராலிக் கசிவு, எண்ணெய் மட்டம், விமானி சொன்ன குறை. வெயிலில், கான்கிரீட் தளத்தில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முடிக்கவேண்டிய வேலை. இத்தனை மணி நேரம் பறந்தால் அல்லது இத்தனை மாதம் ஆனால் ஹேங்கருக்குள் இழுத்து, தகடுகளைக் கழற்றி உள்ளே பார்ப்பது செகண்ட் லைன். அதற்கும் மேலே, முழுக்கப் பிரித்துச் சீராக்கும் ஓவர்ஹால். ஏஎன்-32 என்றால் கான்பூரில் இருக்கும் 1-ஆம் எண் பழுதுபார்ப்பு டிப்போ. சுகோய்-30 என்றால் நாசிக். நம் பக்கம் தஞ்சாவூரில் 2020 ஜனவரியிலிருந்து சுகோய் படைப்பிரிவு இருக்கிறது. ஆனாலும் ஓவர்ஹால் நாள் வந்துவிட்டால் விமானம் நாசிக் போய்த்தான் ஆகவேண்டும்.

நீ கேட்பது இதில் எந்த அடுக்கைப் பற்றி?

30 செப்டம்பர். திருமங்கலம் மாணவர்

செகண்ட் லைன்தான் ஐயா. சனி ஞாயிறு ஹேங்கர் விளக்கு அணைந்து கிடக்கும் நேரத்தைப் பயன்படுத்தலாமே என்பதுதான் என் எண்ணம்.

1 அக்டோபர், ஆயுத பூஜை. செக்கானூரணி ஃபிட்டர்

காலையில் ஸ்பானர் பெட்டிக்கும் லேத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துவிட்டு உட்கார்ந்தேன். இன்று கருவியைத் தொடக்கூடாது. பென்சிலைத் தொட்டேன்.

கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 12 விமானங்கள். ஒவ்வொன்றும் மாதம் 20 மணி நேரம் பறக்கிறது. 200 மணிக்கு ஒரு பெரிய சோதனை. ஒரு சோதனைக்கு ஹேங்கரில் 20 நாள். மாதம் மொத்தம் 240 மணி, அதாவது 1.2 சோதனை. ஹேங்கருக்கு 24 நாள் வேலை. ஓர் இடம் போதும், மூச்சு விட ஆறு நாள் மிச்சமும் இருக்கிறது.

இப்போது ரிசர்வ் படைப்பிரிவை உள்ளே கொண்டுவா. அவர்களுடைய விமானிகளும் பறக்கவேண்டும், இல்லாவிட்டால் அது படைப்பிரிவே இல்லை. ஒரு விமானத்துக்கு மாதம் 20 மணி என்பது 30 ஆகிறது என்று வை. மொத்தம் 360 மணி. 1.8 சோதனை. 36 நாள் வேலை. மாதத்துக்கு 30 நாள்தான். ஆள் கூடினார்கள், விமானம் கூடவில்லை, ஹேங்கர் கூடவில்லை, உதிரிப்பாகம் கூடவில்லை. மூன்றாவது மாதம் ஹேங்கர் வாசலில் விமானங்கள் வரிசை கட்டி நிற்கும்.

ஆனால் அதே ஆட்கள் சனி ஞாயிறும் இரவும் வேலை செய்து 20 நாளை 10 நாளாக்கினால் 1.8-ஐ 10-ஆல் பெருக்கு: 18 நாள். அப்போது கணக்கு உன் பக்கம் சாய்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

1 அக்டோபர், இரவு. செக்கானூரணி ஃபிட்டர்

10 நாள் என்று எழுதியது தவறு. திருத்துகிறேன். ஆள் இரண்டு மடங்கானால் நாள் பாதியாகும் என்பது வரப்பு வெட்டுவதற்குப் பொருந்தும், விமானத்துக்குப் பொருந்தாது. இறக்கையின் அடியில் ஒரு திறப்புக்குள் ஒருவன் தலைதான் நுழையும். எரிபொருள் தொட்டியைத் திறந்திருக்கும்போது பக்கத்தில் மின்வேலை பார்க்கக்கூடாது. விமானத்தை ஜாக்கில் ஏற்றியபின் உள்ளே நடப்பவர்கள் எண்ணிக்கைக்குக்கூட வரம்பு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கழற்றியபின் தெரியவரும் விரிசலுக்குப் பாகம் டிப்போவிலிருந்து வரவேண்டும். டிப்போ சனி ஞாயிறு அனுப்புவதில்லை. என் அனுபவத்தில் இரண்டு குழு முழு ஒழுங்கோடு செய்தால் 20 நாள் வேலை 16 ஆகும். 1.8 பெருக்கல் 16, சுமார் 29 நாள். கழுத்து வரை தண்ணீர், ஆனால் மூழ்கவில்லை.

இன்னொன்று. எல்லா விமானமும் ஒரே நேரத்தில் 200 மணியை எட்டினால் இந்தக் கணக்கு எதற்கும் உதவாது. ஒன்றுக்கு 185 மணி மிச்சம், அடுத்ததற்கு 170, அடுத்ததற்கு 155 என்று படிக்கட்டு மாதிரி வைத்திருக்கவேண்டும். எந்த விமானம் நாளை பறக்கவேண்டும் என்பதைப் பறக்கும் பிரிவு தீர்மானித்தால் படிக்கட்டு இடிந்துவிடும். இரண்டு பறக்கும் பிரிவுகள் என்றால் இரண்டு பக்கத்திலிருந்தும் இடிப்பார்கள். அந்தப் படிக்கட்டை எழுதும் பென்சில் ஒரே ஒருவர் கையில் இருக்கவேண்டும்.

4 அக்டோபர். செக்கானூரணி ஃபிட்டர்

அமெரிக்காவைக் குறிப்பிட்டாய். அங்கே இது 1973-இல் தொடங்கியது. ஒரு வகையில் விமானம் பணிப் படைக்குச் சொந்தம், ரிசர்வ் ஆட்கள் வந்து அதே விமானத்தில் வேலை செய்வார்கள். இன்னொரு வகையில் தலைகீழ்: விமானம் ரிசர்வுக்குச் சொந்தம், பணிப் படையின் இளம் ஆட்களை அங்கே அனுப்புகிறார்கள். இரண்டிலும் சொந்தக்காரர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. பகிர்ந்துகொள்வது வேலையை, சொந்தத்தை அல்ல. எங்கள் கிணற்றில் இல்லாமல் போனது இதுதான் என்று எழுதும்போதே தோன்றுகிறது.

5 அக்டோபர். செக்கானூரணி ஃபிட்டர்

நேற்றைய ஆண்டைத் திருத்துகிறேன். 1973 என்பது பணிப் படை, ரிசர்வ், மாநிலப் படை எல்லாவற்றையும் ஒரே படையாகக் கணக்கிடும் கொள்கையைப் பாதுகாப்புத் துறை உறுதியாக்கிய ஆண்டு. விமானத்தைப் பகிரும் முறை அதற்கு முன்பே, 1968-இல் கலிபோர்னியாவில் உள்ள நார்ட்டன் தளத்தில் சி-141 சரக்கு விமானங்களோடு தொடங்கிவிட்டது. இந்த வரிசை முக்கியம் தம்பி. முதலில் ஒரு தளத்தில், ஒரு வகை விமானத்தில் செய்து பார்த்தார்கள். கொள்கை அப்புறம் வந்தது. அதுவும் சரக்கு விமானத்தில். சரக்கு விமானம் நாள் முழுக்க பறக்கவேண்டும், அதனால் இரண்டு குழுவுக்கும் வேலை இருக்கும். போர்விமானத்தில் தொடங்கியிருந்தால் இந்த அளவுக்கு ஓடியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

அதைவிட முக்கியமான ஒன்றை நேற்று விட்டுவிட்டேன். 1958-இலிருந்து அவர்களிடம் ஒரு வகை ஊழியர் உண்டு. வாரநாளில் அதே ரிசர்வ் படைப்பிரிவின் ஹேங்கரில் சிவில் ஊழியராகச் சம்பளம் வாங்குவார். மாதத்தில் ஒரு வார இறுதியும் ஆண்டுக்கு இரண்டு வாரமும் சீருடை போட்டு அதே வேலையை அதே விமானத்தில் செய்வார். வெள்ளிக்கிழமை மாலை எந்தக் குழாயில் கசிவு என்று அவருக்குத் தெரியும். சனிக்கிழமை காலை வரும் பத்துப் பேருக்கு அவர்தான் வாய்மொழியாகச் சொல்லுவார். இப்படிப்பட்ட நடு ஆள் இல்லாமல் வெறும் சனி ஞாயிறு குழுவை உள்ளே விட்டால், அந்தச் சனிக்கிழமை பாதி நாள் தேடுவதிலேயே போய்விடும்.

8 அக்டோபர், விமானப்படை நாள். செக்கானூரணி ஃபிட்டர்

நமக்கு ரிசர்வ் புதிது என்று நினைத்துவிடாதே. 1952-லேயே ரிசர்வ் மற்றும் துணை விமானப்படைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அந்த ஐம்பதுகளில் துணைப் படைப்பிரிவுகள் உருவாகின, சென்னையிலும் ஒன்று இருந்தது. அவை நீடிக்கவில்லை. பிரிட்டனிலும் இதே கதை. 1925-லிருந்து துணைப் படைப்பிரிவுகள் இருந்தன, 1940 வான்போரில் ஸ்பிட்ஃபயரும் ஹரிக்கேனும் ஓட்டின. ஆனாலும் 1957-இல் பறக்கும் துணைப் படைப்பிரிவுகள் அத்தனையையும் கலைத்துவிட்டார்கள். ஜெட் விமானம் வந்தபின் செலவும் நுணுக்கமும் வார இறுதிக்குள் அடங்கவில்லை.

என் தாய்மாமா 1960-களில் விமானப்படையில் சேர்ந்தவர். 9 ஆண்டு பணி, 6 ஆண்டு ரிசர்வ் என்பது அவருடைய நிபந்தனை. வெளியே வந்து உசிலம்பட்டியில் சைக்கிள் கடை வைத்தார். ரிசர்வ் அட்டையை வேட்டி மடிப்புக்குள் வைத்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். கூப்பிட்டால் போகவேண்டும் என்று பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளாமல் கதவுப் பக்கமே வைத்திருப்பார். அந்த ஆறு ஆண்டில் ஒருவரும் அவரைக் கூப்பிட்டு ஒரு நாள்கூட விமானத்தைத் தொட வைக்கவில்லை. அவர் கற்ற எஞ்சின் படைப்பிரிவிலிருந்து போய்விட்டது, அவர் கையில் கற்றது அப்படியே இருந்தது. ரிசர்வ் என்பதை நாம் பெயர்ப்பட்டியலாக மட்டும் வைத்திருந்தோம். நீ கேட்பது அது அல்ல என்று இப்போது எனக்குப் புரிகிறது. கையை வேலையிலேயே வைத்திருக்கும் ரிசர்வ். முதல் நாள் நான் சொன்ன "குறையாது" என்ற பதிலை அப்படியே நிறுத்த விரும்பவில்லை.

9 அக்டோபர். திருமங்கலம் மாணவர்

ரிசர்வ் ஆட்களின் திறமை குறைவாக இருக்காதா ஐயா? மாதம் இரண்டு நாள் வருபவரும் தினமும் வருபவரும் ஒன்றா?

9 அக்டோபர். செக்கானூரணி ஃபிட்டர்

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் பணியில் இருப்பவனை சில ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுவார்கள். ஒரு விமானத்தின் குணம் பிடிபடும் நேரத்தில் மூட்டை கட்டவேண்டும். ரிசர்வ்காரர் ஊரைவிட்டு நகர்வதில்லை. ஒரே தளத்தில், ஒரே வகை விமானத்தில் பதினைந்து இருபது ஆண்டு. அமெரிக்காவில் பணிப் படையின் புது ஆட்களுக்கு ரிசர்வில் இருக்கும் பழைய கைதான் கற்றுக்கொடுக்கிறது. நான் மேலே சொன்ன "தலைகீழ்" வகைக்கு ஒரு காரணமே அதுதான்.

தேர் நினைவுக்கு வருகிறது. சித்திரைத் தேரோட்டம் ஆண்டுக்கு ஒரு நாள். மாசி வீதியில் அந்தத் தேரின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர் மற்ற நாளில் வேறு வேலை பார்ப்பவராக இருக்கலாம். ஆனால் எந்த மூலையில் எவ்வளவு சாய்வாகக் கட்டையைச் செருகினால் தேர் திரும்பும் என்பது அவர் கைக்குத் தெரியும். விமானச் சக்கரத்துக்கு வைப்பதையும் நாங்கள் கட்டை என்றே சொல்லுவோம்.

12 அக்டோபர். செக்கானூரணி ஃபிட்டர்

ஆள் மாறும் நேரத்தைப் பற்றி எழுதவேண்டும். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

எந்தத் தளம் என்று சொல்லப்போவதில்லை. இரவுக் குழு வால் பகுதியில் எலிவேட்டருக்கு, அதாவது விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் அசையும் பலகைக்கு, போகும் தண்டின் இணைப்பைக் கழற்றி மாட்டியது. அங்கே ஒரு போல்ட், அதன்மேல் பள்ளம் வெட்டிய நட், நட் சுழன்று கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு ஸ்பிளிட் பின். பின்னைச் செருகி அதன் இரண்டு காலையும் பிரித்து மடக்கவேண்டும். விடியற்காலை பின் தீர்ந்துபோய்விட்டது. ஸ்டோர் திறக்க எட்டு மணி ஆகும். இரவு ஆள் "நட் மாட்டப்பட்டது" என்று எழுதிவிட்டுப் போனான். அவன் எழுதியது பொய் இல்லை. காலைக் குழுவில் வந்தவன் அதைப் படித்து, வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனான். அவன் படித்ததும் தவறு இல்லை. கட்டுப்பாட்டு அமைப்பைத் தொட்டால் சம்பந்தமில்லாத மூன்றாவது ஆள் ஒருவர் தனியாகச் சோதிக்கவேண்டும் என்பது விதி. அன்றைக்கு அது நான்.

உள்ளே கண் போகாது, கைதான் போகும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடினேன். நட் இருந்தது, இறுக்கமாகவும் இருந்தது. பின் இருந்தால் மடக்கிய கால்கள் விரலைக் குத்தும். குத்தவில்லை. விரல் நுனி வெறும் துளையின் விளிம்பில் போய் நின்றது. அந்த உணர்வு இன்னும் இந்த விரலில் இருக்கிறது.

ஒரே படைப்பிரிவின் இரண்டு குழுவுக்கு நடுவிலேயே இப்படி. இரண்டு படைப்பிரிவு, ஐந்து நாள் இடைவெளி என்றால்? அதனால்தான் சொல்லுகிறேன்: இரு குழுவும் ஒரே நேரத்தில் அரை மணியாவது விமானத்தின் பக்கத்தில் சேர்ந்து நிற்கவேண்டும். காகிதத்தில் அல்ல, விமானத்தின் பக்கத்தில். பாதியில் நின்ற வேலைக்குத் தனி வரி, அதில் எது மிச்சம் என்பதுதான் முதலில் வரவேண்டும், எது முடிந்தது என்பது அப்புறம்.

நமக்கு விமானத்தின் பதிவேடு ஃபார்ம் 700. அமெரிக்காவில் 781. அவர்கள் பதிவேட்டில் ஒரு பழக்கம் எனக்குப் பிடிக்கும். பறக்கக்கூடாத குறை என்றால் சிவப்புப் பெருக்கல் குறி. சோதனை தாண்டிப்போயிருந்தால் அல்லது நிலைமை தெரியாவிட்டால் சிவப்புக் கோடு. குறை உண்டு, பறக்கலாம் என்றால் சிவப்புச் சாய்கோடு. ரிசர்வ் ஆள் மூன்று வாரம் கழித்து வந்தாலும் அந்த நிறம் முதலில் கண்ணில் அடிக்கும்.

13 அக்டோபர். செக்கானூரணி ஃபிட்டர்

நேற்றையதோடு சேர்க்கவேண்டியது: கருவி. எங்கள் அறையில் ஒவ்வொரு கருவிக்கும் பலகையில் அதே வடிவத்தில் நிழல் வரைந்திருக்கும். எடுக்கும்போது உன் எண் பொறித்த வட்டத் தகட்டை அந்த இடத்தில் மாட்டிவிட்டு எடுக்கவேண்டும். மாலையில் ஒரு நிழல் வெறுமையாக இருந்தால் விமானம் நகராது. ரிசர்வ் படைப்பிரிவுக்குத் தனிக் கருவி அறை வைத்தால் இந்த முறை அன்றே செத்துவிடும். ஒரே பலகை, ஒரே வகைத் தகடு.

14 அக்டோபர். செக்கானூரணி ஃபிட்டர்

ஹேங்கரில் விளக்கு அணைந்து கிடக்கிறது என்று வருத்தப்பட்டாயே, அதற்கு ஒரு பழைய பதில் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் விமானப்படையின் கடலோரக் கட்டளைப் பிரிவில் லிபரேட்டர் விமானங்கள் நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்தன. 50 மணிக்கு ஒரு சோதனை. வாடிங்டன் என்ற உயிரியலாளரும் அவருடைய கூட்டத்தாரும் பழுதுகளை மணிக்கணக்கோடு சேர்த்து வரைந்து பார்த்தார்கள். சோதனை முடிந்த உடனேதான் பழுது அதிகம். நாள் போகப் போகக் குறைகிறது. நன்றாக ஓடியதைக் கழற்றி மாட்டியதே கோளாறைக் கொண்டுவந்திருக்கிறது. இடைவெளியைக் கூட்டியபோது விமானங்கள் அதிகம் பறந்தன.

என் பட்டறையில் நான் விவசாயிகளிடம் சொல்வதும் இதுதான். சத்தமில்லாமல் ஓடும் மோட்டாரைத் திறந்து பார்க்காதீர்கள்.

ஆகவே ஆள் கிடைத்துவிட்டார்கள் என்பதற்காக வேலையை உண்டாக்கக்கூடாது. ஆள் வந்திருக்கிறார்கள், கையில் வேலை கொடுக்கவேண்டும் என்று அவசியமில்லாத தகட்டைத் திறக்கும் அதிகாரியை நான் பார்த்திருக்கிறேன். பயிற்சி வந்த மாணவர்களுக்காக அப்படித் திறந்தார்கள். இரண்டு நாள் கழித்து அதே தகட்டின் ஸ்குரூ ஒன்று காணாமல் போய் விமானம் நின்றது.

17 அக்டோபர். திருமங்கலம் மாணவர்

எல்லாவற்றையும் படித்தபின் நான் புரிந்துகொண்டது: ரிசர்வ் ஆட்களைச் செகண்ட் லைன் ஹேங்கரில் மட்டும் வைத்துக்கொள்ளலாம், ஃபர்ஸ்ட் லைனில் வேண்டாம். சரியா? ஆனால் போர் வந்தால் ஆள் தேவைப்படுவது ஃபர்ஸ்ட் லைனில்தானே? அன்றைக்கு யாரை நிறுத்துவது?

19 அக்டோபர். செக்கானூரணி ஃபிட்டர்

இரண்டு நாள் பதில் எழுதவில்லை. தீபாவளிக்கு முன் எல்லாரும் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள் என்பது ஒரு காரணம். கேள்வி சரியான இடத்தில் குத்தியது இன்னொரு காரணம்.

ஆம், ஹேங்கரில் மட்டும் என்றுதான் மனத்தில் வைத்திருந்தேன். பெரிய சோதனையின் நாள் முன்கூட்டியே தெரியும், வேலை அட்டைகளாகப் பிரிந்திருக்கும், சனி ஞாயிறுக்கு எடுத்து வைக்கலாம். ஆனால் சண்டை நேரத்தில் விமானம் ஒரு நாளில் மூன்று நான்கு முறை இறங்கி ஏறும். அப்போது நாற்பது நிமிடத்தில் எரிபொருள், ஆயுதம், ஆக்சிஜன், டயர் என்று முடித்து அனுப்ப இரவு பகல் இரண்டு மடங்கு ஆள் வேண்டும். சாதாரண நாளில் அந்தத் தளத்தில் நிற்காதவன் அன்றைக்கு நின்றால் இடைஞ்சல். சுழலும் விசிறிக்குப் பக்கத்தில் எப்படி நடப்பது என்பது ஹேங்கரில் கற்றுக்கொள்வதில்லை.

ஆகவே திருத்துகிறேன். ஆண்டுக்கு அந்த இரண்டு வாரத்தை முழுக்க ஃபர்ஸ்ட் லைனுக்கு ஒதுக்கவேண்டும். பணிப் படையின் ஆள் பக்கத்தில் நிற்க, ரிசர்வ் ஆள் செய்யவேண்டும், அவரே கையெழுத்துப் போடவேண்டும். மாத வார இறுதிகள் ஹேங்கருக்கு. கையெழுத்து அதிகாரம் இரண்டு பக்கமும் ஒரே தேர்வில் வரவேண்டும். உன் தேர்வு வேறு என் தேர்வு வேறு என்றால் ஒவ்வொரு தாளிலும் சண்டை வரும், ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்று நடுவில் நிற்கும் சார்ஜென்ட் திண்டாடுவான்.

26 அக்டோபர். செக்கானூரணி ஃபிட்டர்

சொந்தம் என்று பேசினோமே, அதில் அமெரிக்காவிலேயே இரண்டு மனம். பராமரிப்பு முழுவதையும் தளத்துக்கு ஒன்றாகத் திரட்டி வைத்திருந்தார்கள். 1978 முதல் 1984 வரை போர்விமானக் கட்டளைப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஜெனரல் கிரீச் அதைப் பிரித்துப் படைப்பிரிவுகளுக்குக் கொடுத்தார், விமானத்தின்மேல் அதைப் பார்த்துக்கொள்பவரின் பெயரை எழுத வைத்தார். பறக்கும் எண்ணிக்கை நன்றாக ஏறியது. பிறகு 2002-இல் பராமரிப்பைத் தனிக் குழுமமாக மறுபடி திரட்டினார்கள். திரட்டினால் கருவியும் ஹேங்கரும் வீணாகாது, பிரித்தால் பாசம் வரும். நான் பெயர் எழுதும் பக்கம். பகிர்ந்த விமானம் என்றால் இரண்டு பெயர் எழுதட்டும், ஒவ்வொரு படைப்பிரிவிலிருந்தும் ஒன்று. இருவரும் ஒருவரை ஒருவர் முகம் பார்த்திருக்கவேண்டும், போன் எண் வைத்திருக்கவேண்டும்.

உதிரிப்பாகத்திலும் இது தேவை. ஒரு விமானத்தில் கழற்றி இன்னொன்றில் மாட்டி ஓட்டுவது எல்லா ஹேங்கரிலும் நடக்கும். திங்கட்கிழமை வந்து பார்க்கும்போது ஒரு பம்ப் இல்லை என்றால், அவர்கள் கழற்றிக்கொண்டார்கள் என்று ஒரு சந்தேகம் கிளம்பிவிட்டால் அதை அணைக்க ஆறு மாதம் ஆகும். கழற்றியவன் பெயர் உள்ள ஒரு அட்டை அந்த வெற்றிடத்திலேயே தொங்கவேண்டும்.

2 நவம்பர். செக்கானூரணி ஃபிட்டர்

அக்னிவீர்களைப் பற்றிக் கேட்டு எனக்குத் தனியாக எழுதியிருந்தாய். இங்கேயே சொல்லுகிறேன். 2022-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நான்கு ஆண்டுப் பணி, அதிகபட்சம் 25 சதவீதம் பேர் தொடர்வார்கள். விமானப்படையின் முதல் அணி 2026 இறுதியில் வெளியே வரும். ஒரு விமான வகையில் தனியாக நின்று கையெழுத்துப் போடும் அளவுக்கு ஒருவன் தேற என் கணக்கில் மூன்று ஆண்டாவது வேண்டும். தேறிய மறு ஆண்டே வீட்டுக்குப் போகிறான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன்கள். என் மாமாவிடம் இருந்ததைப் போல ஒரு ரிசர்வ் அட்டை கூட இல்லாமல் போகப்போகிறார்கள். அவர்களில் விருப்பமுள்ளவர்களைத் தஞ்சாவூர், சூலூர் தளங்களோடு சேர்த்து, மாதம் இரண்டு நாளும் ஆண்டுக்கு இரண்டு வாரமும் கூப்பிட 1952 சட்டத்தை ஒட்டியே வழி காணமுடியாதா? மதுரையிலிருந்து தஞ்சாவூர் நான்கு மணி நேரப் பஸ் பயணம். வெள்ளி இரவு ஏறினால் சனி காலை ஹேங்கரில் நிற்கலாம். முதலில் ஒரே ஒரு தளம், ஒரே ஒரு வகை, நார்ட்டனில் செய்ததைப் போல. அது ஏஎன்-32 ஆக இருந்தால் சூலூர்தான்.

இவ்வளவு எழுதியபின் முதல் நாள் சொன்ன கிணற்றுக் கதையில் பாதியை விட்டுவிட்டேன் என்று அம்மா சொன்னார். காயில் கருகிய பிறகு பங்காளிகள் கிணற்றை விற்றுவிடவில்லை. சின்னையாவை மோட்டாருக்குப் பொறுப்பாக்கினார்கள். அவர் பழுதுச் செலவில் பங்கு தரவேண்டாம், பதிலுக்கு வாரம் ஒரு முறை கிரீஸ் வைத்து பெல்ட்டைப் பார்க்கவேண்டும். மோட்டார் அறையில் ஆணியில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். முறைக்காரர் போட்ட நேரம், அணைத்த நேரம், சத்தம் எப்படி என்று எழுதவேண்டும். எழுதத் தெரியாதவர் மகனைக் கூட்டிவந்து எழுதினார். எங்கள் வீட்டு முறைக்கு நான்தான் எழுதினேன். அந்த நோட்டு இன்னும் அம்மாவிடம் இருக்கிறது. ஓரம் முழுக்க கிரீஸ் பட்ட கட்டைவிரல் ரேகைகள். அடுத்த மோட்டார் பதினான்கு ஆண்டு ஓடியது.

3 நவம்பர். செக்கானூரணி ஃபிட்டர்

அம்மா நோட்டைக் காட்டினார். பதினான்கு அல்ல, பதினாறு ஆண்டு. கடைசிப் பதிவு சின்னையாவின் கையெழுத்தில்: "பேரிங் சத்தம். நாளை கழற்றணும். யாரும் போடவேண்டாம்." ஞாயிற்றுக்கிழமை வந்தால் பார்க்கலாம் தம்பி, பட்டறையில் வைத்திருக்கிறேன்.